ஸ்கூபா ஃபின் வார் அறுந்துவிட்டதா? வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூபா டைவிங்கில் நீந்தக் காலில் மாட்டும் துடுப்புதான் ஃபின். பின்பக்கம் திறந்திருக்கும் ஃபின்களில் காலைப் பிடித்துவைப்பது குதிகாலைச் சுற்றி ஓடும் ஒரே ஒரு வார்தான். அது அறுந்தால், காற்றுச் சிலிண்டரும் அதிலிருந்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைய டைவ் போச்சு. நல்ல ரப்பர் ஃபின் பல வருடம் உழைக்கும். ஸ்கூபாப்ரோ கம்பெனியின் ஜெட் ஃபின் 1965-ல் வந்தது, பெரிதாக மாறாத வடிவத்தில் இன்றும் விற்கிறது. பழைய ஜோடிகளைப் போட்டுக்கொண்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். வார் மட்டும் அவ்வளவு காலம் தாங்காது. உங்கள் மாடலுக்கான வார் கடைகளில் கிடைக்காமல் போகலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் காரணத்துக்காக நல்ல ஃபின்னை மூலையில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். கையால் செய்த வார் கம்பெனி வாரைவிட நன்றாகவே இருக்க முடியும், செய்கிற விதத்தில் செய்தால்.

எல்லா ஃபின்னுக்கும் இது பொருந்துமா?

இல்லை. நியோப்ரீன் (நுரை ரப்பர்) பூட் போட்டுக்கொண்டு நுழைக்கிற, குதிகால் பக்கம் திறந்த ஃபின்களுக்குத்தான். செருப்புபோல் முழுப் பாதத்தையும் மூடும் ஃபின்களில் வாரே கிடையாது. அவற்றுக்கான ஒரு சின்ன உபாயம் கடைசிக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது.

கம்பெனி வார் ஏன் அறுகிறது? முன்கூட்டியே தெரியுமா?

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும்தான் ரப்பருக்கு முதல் எதிரி. டைவ் முடிந்ததும் ஃபின்னைப் படகின் தளத்தில் வெயிலில் போட்டுவைக்கிறோம். நீச்சல் குளத்து குளோரினும் தன் பங்குக்கு அரிக்கும். மேலே பூசிக்கொண்ட சன்ஸ்கிரீன் எண்ணெய் கையிலிருந்து வாருக்கு ஒட்டிக்கொள்ளும்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது எளிது. வாரை முழுதாகக் கழற்றி, பக்கிளுக்குள் இருக்கும் பகுதியை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் பாருங்கள். அறுவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் பற்கள் போன்ற வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில். மயிரிழைக் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தால் அந்த வாரின் ஆயுள் முடிந்தது. தொட்டால் பிசுபிசுத்தாலும் அதே கதைதான். புது ரப்பரின் மேல் வெண்மையாகப் பொடி படிவது மட்டும் கேடு அல்ல. ரப்பரில் கலந்த மெழுகு மேலே வருவது அது, துடைத்தால் போய்விடும்.

பக்கிளையும் மறக்க வேண்டாம். வாரைச் சந்தேகப்படுபவர்கள் பிளாஸ்டிக் பக்கிளைச் சந்தேகப்படுவதில்லை. வார் நன்றாக இருக்கும்போதே பக்கிளின் காது உடைந்து ஃபின் கழன்றுபோவது உண்டு.

வீட்டில் செய்த வாரை நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் எதை நம்புகிறோம் என்று தெரிந்து இறங்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இழுவைப் பொருளின் தடிமனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்: 8 மில்லிமீட்டர் போதுமா, 10 போடலாமா என்று. நல்ல கயிறோ ஸ்பிரிங்கோ நடுவில் அறுவது அபூர்வம். கைவிடுவது இணைப்புதான்: முடிச்சு நழுவும், தையல் பிரியும், ஷேக்கிளின் (திருகால் மூடும் U வடிவ உலோக வளையம்) திருகு சுழன்று கழலும். ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை முனைகளில் செலவழியுங்கள். ஓர் இணைப்பு போனாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்படி செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கீழே சொல்லும் பஞ்சி (இழுத்தால் நீளும் கயிறு) வாரில் அந்த ஏற்பாடு இருக்கிறது.

எந்தப் பொருளில் செய்வது?

என் முதல் பரிந்துரை பஞ்சி கயிறு. உள்ளே ரப்பர் இழைகள், மேலே நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னல். உறை இருப்பதால் வெயில் ரப்பரை நேரடியாகத் தாக்காது. உள்ளே சில இழைகள் அறுந்தாலும் கயிறு முழுதாக விடாது, தளர்ந்துபோய் நமக்குச் சொல்லிவிடும். பைக்கில் சாமான் கட்ட விற்கும், இரு முனையிலும் கொக்கி வைத்த மலிவான கயிறு வேண்டாம். அதன் உறை தளர்வாக இருக்கும், சீக்கிரம் நூல் நூலாகப் பிரியும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் படகுச் சாமான் தரத்தை வாங்குங்கள். சென்னையில் என்றால் பாரிமுனைத் தெருக்களில் உள்ள கயிற்றுக் கடைகளிலோ காசிமேடு பக்கமோ விசாரிக்கலாம்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங். நெடுநாள் உழைப்பதில் இதை எதுவும் மிஞ்சாது. சரியான ஸ்பிரிங் கிடைப்பதுதான் கஷ்டம். அப்புறம் மீன் சுடும் ஈட்டித் துப்பாக்கிக்குப் போடும் லேட்டக்ஸ் குழாய். இழுவை அருமையாக இருக்கும், போட்டால் காலோடு காலாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்திலேயே சட்டென்று முழுதாக அறுந்துவிடும். அதனால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

பஞ்சி வார் எப்படிச் செய்வது?

இதை விரிவாகவே சொல்கிறேன்.

இலேசான பிளாஸ்டிக் ஃபின்னுக்கு 6 மில்லிமீட்டர் கயிறு, கனமான ரப்பர் ஃபின்னுக்கு 8. ஒரு ஃபின்னுக்கு ஒன்றேகால் மீட்டர் எடுங்கள், மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் உறை பின்னுக்குப் போய் உள்ளே இருக்கும் ரப்பர் வெளியே வந்துவிடும். உறையின் ஓரத்தை லைட்டரில் ஒரு கணம் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். ரப்பரில் தீ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிகாலில் கயிறு நேரடியாகப் பட்டால் அரை மணி நேரத்தில் வலிக்க ஆரம்பித்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸில் 12 சென்டிமீட்டர் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் கயிறு இரண்டு இழையாக ஓட அரை இஞ்ச் ஹோஸ் போதும், 8 என்றால் முக்கால் இஞ்ச். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பு ஒவ்வொரு உதைக்கும் கயிற்றின் உறையை அரம்போல் அறுக்கும்.

கயிற்றை இரண்டாக மடித்து ஹோஸுக்குள் விடுங்கள். முடிச்சு போடுவதற்கு முன்னால் ஹோஸ் உள்ளே போய்விட வேண்டும், பிறகு நுழையாது. இப்போது இரண்டு முனைகளும் ஒரு பக்கம், மடிப்பு இன்னொரு பக்கம். முனைகளை எதிரெதிராகப் படுக்கவைத்து, ஒவ்வொரு முனையையும் மற்ற கயிற்றின் மேல் இரண்டு சுற்று சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள்ளேயே நுழைத்து இழுங்கள். கயிற்றை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு இறுக்குவது அவசியம். பஞ்சி கயிறு நீளும்போது மெலியும். தளர்ந்த நிலையில் இறுக்கிய முடிச்சு, காலில் போட்டதும் உள்ளே இடம் கிடைத்து நழுவத் தொடங்கும். முடிச்சுக்கு வெளியே 3 சென்டிமீட்டர் வால் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள்.

இப்போது கையில் இருப்பது மூடிய ஒரு வளையம். இதன் இரண்டு ஓரத்திலும், ஃபின்னின் பக்கவாட்டில் வாரை மாட்டுவதற்காக இருக்கும் குமிழ் நுழையும் அளவுக்குக் காது விட்டு, இரண்டு இழைகளையும் சேர்த்து மெழுகு நூலால் நெருக்கமாக 2 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றிக் கட்டுங்கள். இங்கேயும் கயிறு பாதி நீண்ட நிலையில் இருக்க வேண்டும். முடிச்சு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அது இந்தக் கட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் அமையட்டும். மெனக்கெட்டு இந்தக் கட்டைப் போடுவதற்குக் காரணம் உண்டு. முடிச்சு அவிழ்ந்தாலும் ஓர் இழை அறுந்தாலும், கட்டு அந்தக் காதைக் கலைய விடாது. மற்ற இழை உங்களைக் கரைவரை கொண்டுவரும். கேபிள் டை போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது வெயிலில் முறியும், வெட்டிய நுனி கையைக் கிழிக்கும்.

கடைசியாக, விரல் மாட்டி இழுக்க ஒரு கொக்கி. 25 மில்லிமீட்டர் நைலான் நாடாவில் ஒரு சாண் எடுத்து, ஹோஸைச் சுற்றி மடித்துத் தைத்துவிட வேண்டும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் நம் வீட்டுத் தையல் மெஷினைவிட உறுதியாகத் தைத்துத் தருவார். நைலான் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும். ஒரு கட்டைவிரல் நுழையும் அளவு போதும். பெரிதாக வைத்தால் கடலடியில் கிடக்கும் பழைய வலையில் மாட்டும்.

அளவு எப்படி எடுப்பது?

நியோப்ரீன் பூட்டைப் போட்டுக்கொண்டு ஃபின்னுக்குள் காலை முழுதாக நுழையுங்கள். ஒரு குமிழிலிருந்து குதிகாலைச் சுற்றி மறு குமிழ்வரை டெய்லர் டேப்பால் அளந்து, அதில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 36 சென்டிமீட்டர் வந்தால், காதிலிருந்து காதுவரை தளர்ந்த நிலையில் வார் 30 சென்டிமீட்டர். கயிற்றுக்குக் கயிறு இழுவை மாறும், அதனால் மெழுகு நூல் கட்டுகிற முன் ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தரையில் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றினால் கவலை வேண்டாம். நியோப்ரீனுக்குள் இருப்பது நுண்ணிய வாயுக் குமிழிகள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி அந்த வாயுவின் கன அளவு பாதியாகிறது, 30 மீட்டரில் கால் பங்கு. பூட் மெலிந்துபோகும். கம்பெனி ரப்பர் வாரை மேலே சரியாக இறுக்கிவிட்டு இறங்குபவர்களுக்குக் கீழே ஃபின் லொடலொடவென்று ஆடுவது இதனால்தான். பஞ்சியும் ஸ்பிரிங்கும் அந்தத் தளர்வைத் தாங்களாகவே இழுத்துக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போனால் அல்லது பாதத்தில் தசை பிடித்தால் மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூட்டுங்கள்.

என் ஃபின்னில் குமிழ் இல்லை, துளைதான் இருக்கிறது. என்ன செய்வது?

துளைக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் ஒன்றை மாட்டி, அதில் கயிற்றின் காதைக் கோர்க்கலாம். ஷேக்கிளின் திருகு வெளிப்பக்கம் பார்க்கட்டும், இல்லையென்றால் கணுக்காலில் உரசும். திருகின் கண்ணில் மெல்லிய கம்பியையோ மீன்பிடி நரம்பையோ விட்டுக் கட்டிவிடுங்கள். கட்டாத திருகு உதைக்க உதைக்கத் தானாகக் கழலும்.

பழைய கம்பெனி பக்கிளின் ஒரு பகுதி ஃபின்னிலேயே மாட்டியிருக்கும் மாடல்களில், அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நேரே குமிழிலேயே மாட்டுங்கள். பக்கிளையும் வைத்துக்கொண்டு புது வாரையும் போட்டால், உடையக்கூடிய பகுதி அப்படியே இருந்துவிடும்.

ஸ்பிரிங் வார் செய்ய எந்த ஸ்பிரிங்?

சுண்டுவிரல் தடிமனுள்ள இழுவை ஸ்பிரிங், 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாத்திரத்துக்குப் பயன்படும் 304-ஐவிட 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிப்பதை அது தடுக்கிறது. வெறும் இரும்புக்குத் துத்தநாகம் பூசிய ஸ்பிரிங்கை எடுத்தே பார்க்காதீர்கள். சுருள்களின் இடுக்கில் உப்பு உட்கார்ந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றிருக்கும்.

கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்பார்கள். ஸ்பிரிங் விஷயத்தில் அந்தச் சோதனை உதவாது. கம்பியை இழுத்து மெலிதாக்கும்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கொஞ்சம் காந்த ஈர்ப்பு வந்துவிடும், நல்ல கம்பியும் ஒட்டலாம். நம்பகமான ஸ்பிரிங் பட்டறையில் 316 என்று பில் போட்டு வாங்குவதே வழி. ஒரு வாரம் உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஸ்பிரிங்கின் உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் முழுதாக நீளும் அளவுக்குச் சற்றுக் குறைவான நீளம் இருக்கட்டும். அளவுக்கு மீறி இழுபட்டு ஸ்பிரிங் தளர்ந்துபோவதை அது தடுக்கும். ஸ்பிரிங் உடைந்தால் ஃபின்னைப் போகவிடாமல் பிடித்திருக்கும். கால் முடியும் தோலும் சுருளில் சிக்காமல் மேலே பிளாஸ்டிக் குழாய் உறை போடுங்கள்.

பக்கிள் இல்லாவிட்டால் அவசரத்தில் கழற்ற முடியுமா?

முடியும், இன்னும் வேகமாகவே. விரல் கொக்கியைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் டைவ் செய்பவர்கள் பக்கிளை ஒதுக்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. வழிகாட்டும் நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய இடம் அது. வாரின் தொங்கும் வால் அந்த நூலில் மாட்டினால் நிலைமை மோசம். வாலைத் திருப்பிப் போட்டு டேப் சுற்றியவர்கள், பிறகு வால் இல்லாத ஸ்பிரிங் வாருக்கு மாறினார்கள்.

ஒன்று மட்டும்: படகுக்குத் திரும்பும்போது ஏணியை ஒரு கையால் பிடித்த பிறகே ஃபின்னைக் கழற்றுங்கள். எளிதாகக் கழல்கிறது என்று முன்பே கழற்றிவிட்டு நீரோட்டத்தில் விலகிப்போனால் நீந்தித் திரும்புவது கஷ்டம்.

சைக்கிள் டியூபில் வெட்டி மாட்டலாமா?

அன்றைய டைவைக் காப்பாற்ற மட்டும். அகலமாக வெட்டிய டியூபை இரண்டு மடிப்பாகப் போட்டால் ஆழமில்லாத, நீரோட்டமில்லாத இடத்தில் ஒரு டைவ் தாங்கும். பியூட்டைல் (ஒரு செயற்கை ரப்பர்) டியூப் என்றால் இழுத்தபின் மெதுவாகத்தான் சுருங்கும், காலைச் சரியாகக் கவ்வாது. ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அங்கிருந்து கிழியும். எனவே கத்தரியை நிறுத்தி நிறுத்தி வெட்டாமல் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள்.

செய்து முடித்தேன். எப்படிச் சோதிப்பது?

முதலில் வீட்டில். வாரைக் குமிழில் மாட்டி, குதிகால் பகுதியைப் பிடித்துக் காலில் போடும்போது நீள்வதைவிடக் கொஞ்சம் அதிகமாக, விடாமல் பலமுறை இழுங்கள். பிறகு முடிச்சின் வாலைப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் 2 ஆகியிருந்தால் முடிச்சு நழுவுகிறது என்று அர்த்தம், அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். வால் அளவை மார்க்கரால் குறித்துவைப்பது நல்ல பழக்கம். பிறகு ஒவ்வொரு டைவுக்கு முன்னும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்து நீச்சல் குளம் அல்லது நிற்க முடிகிற ஆழம். தவளை உதை, கத்தரி உதை, பின்னோக்கி நீந்துவது எல்லாம் செய்யுங்கள். முக்கியமாக, நின்ற நிலையிலிருந்து ஓர் அடி எடுத்துவைத்துத் தண்ணீரில் குதியுங்கள். ஃபின் தண்ணீரில் அறையும் அந்த நொடியில் வாருக்கு விழும் அதிர்ச்சி, நீந்தும்போது விழுவதைவிடப் பல மடங்கு. அதில் தாண்டினால்தான் படகிலிருந்து குதிக்கத் தகுதி.

தண்ணீருக்குள்ளேயே அறுந்தால்?

ஃபின்னைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கூட வந்தவருக்குச் சைகை காட்டுங்கள், டைவை முடிக்கத் தொடங்குங்கள். இரண்டு காலையும் சேர்த்து டால்பின்போல் உதைத்தால் ஒற்றை ஃபின்னே நன்றாகத் தள்ளும். தனித்தனியாக உதைத்தால் உடம்பு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தசை பிடிக்கும். நழுவிய ஃபின்னைத் துரத்தி ஆழத்துக்குப் போகவே வேண்டாம். நீரோட்டம் இருந்தால் துணையின் கையையோ பட்டையையோ பிடித்துக்கொண்டு, மேலே மிதவை விட்டு, வழக்கமான வேகத்தில் மெதுவாக ஏறி, பாதுகாப்பு நிறுத்தத்தையும் (ஏறும் வழியில் சில நிமிடம் நிற்பது) முடித்துவிட்டே மேலே வாருங்கள்.

எப்படிப் பராமரிப்பது?

நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவும். ஹோஸ் துண்டுக்குள்ளும் தண்ணீரைப் பாய்ச்சுங்கள், மணலும் உப்பும் ஒளிந்திருப்பது அங்கேதான். வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியை ரப்பர் பக்கம் கொண்டுவராதீர்கள், அது ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் பரவாயில்லை. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பஞ்சி கயிற்றை வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். விலை குறைவு, கட்டுவதற்கு ஒரு மாலை போதும்.

வாடகை ஃபின்னுக்குச் செய்து மாட்டலாமா? என்னிடம் கற்றுக்கொள்பவர்களுக்கு?

வேண்டாம். சொந்த வாரைச் சொந்தக் காலுக்கு மட்டும். கற்றுக்கொள்பவருக்கு அதை எப்படிப் பார்த்துச் சரியா என்று சொல்வதென்றே தெரியாது. அவர்களுக்குக் கம்பெனி வார்தான்.

முழுப் பாத ஃபின் காலைவிட்டு நழுவுகிறது. அதற்கு ஏதாவது?

மூன்று வளையமுள்ள, ஆங்கில ஒய் எழுத்துபோன்ற ரப்பர் பிடிப்பான் ஒன்று உண்டு. ஒரு வளையம் குதிகாலைச் சுற்றி, ஒன்று உள்ளங்காலின் கீழ், ஒன்று மேல்பாதத்தின் மேல் வரும். லாரி டியூபில் வெட்டி எளிதாகச் செய்யலாம். வளையங்கள் சேரும் மூலைகளைக் கூராக வெட்டாமல் வட்டமாக வெட்டுங்கள், கிழிசல் கூரான மூலையில்தான் ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம்தான் அறுந்தது. ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் போதுமா?

இரண்டையும் மாற்றுங்கள். இரண்டு வாரும் ஒரே வெயிலையும் ஒரே உப்பையும் பார்த்தவை, மற்றதும் அறுகிற நிலையில்தான் இருக்கும். தவிர, ஒரு காலில் பஞ்சி, மறு காலில் பழைய ரப்பர் என்றால் இரண்டும் வேறு வேறு இறுக்கத்தில் பிடித்து உதையின் சீர் போய்விடும். அறுந்த வாரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்துபோகாததை, கீறல் இல்லையென்றால் மட்டும், ஓர் அவசர உதிரியாக டைவ் பையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம், பக்கிளோடு.